நான்கில் ஒன்று

இந்தக் குளிரில் இரத்தம் எடுப்பது எளிதல்ல. நரம்பு தோலுக்குள் ஒளிந்துகொள்ளும். கையைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். என்னிடம் இரத்தம் கொடுக்க யாரும் பயந்ததில்லை.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்துக்கு வந்தபோது எனக்குத் தலை நரைக்கவில்லை. பட்டம் பெற்ற வைத்தியன் அல்லன். இருந்தாலும் லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர் சனங்களுக்கு நான்தான் டொக்டர் ஐயா.

இரண்டாயிரத்து மூன்றில் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். இரத்தத்திலுள்ள மரபணுவைப் படித்து, அவரவருக்கு எந்த நோய் வரும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று சொல்லும் கணினி நிரல் ஒன்றைத் தயாரிப்பதாகச் சொன்னார்கள். ஒருநாள் அது கைத்தொலைபேசிக்கே வந்துவிடுமாம். எனக்கு அது பிடித்திருந்தது. மழையில் நனைந்து கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் தனக்கென்று ஓர் ஆலோசனை கிடைத்தால் நல்லதுதானே. இளையவர்களிடம் இரத்தம் எடுத்து அனுப்பினேன். முடிவுகளை அவர்களுக்குச் சொல்லும் பொறுப்பும் என்னுடையது.

கொழுந்து பறிக்கும் லோஜினிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யும் நிரஞ்சனுக்கும் ஒரே குறை இருந்தது. தலசீமியா. ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது ஒன்றும் செய்யாது. அப்படிப்பட்ட இருவர் பெறும் பிள்ளைகளில் நான்கில் ஒன்றுக்கு உடம்பில் இரத்தம் ஊறாது. இவர்கள் இருவரும் விரும்புவது தோட்டத்துக்கே தெரியும்.

நிறுவனத்து அதிகாரி ஒரு முறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். தனி ஆட்கள் நிறையக் கிடைக்கிறார்கள், தாய் தகப்பனோடு நோயுள்ள பிள்ளையையும் பிறப்பிலிருந்தே பார்த்துவந்த குடும்பம்தான் கிடைக்கவில்லை என்று. பொய் சொல்லும்படி அவர் கேட்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு நிரஞ்சனின் தாய் காளியாயி வந்தாள்.

“என் தலப்புள்ள வெளுத்துப்போய்த்தான் செத்துச்சுங்க. அந்தப் பொண்ணு வீட்லயும் அப்புடி ஒண்ணு போயிருக்காம். எனக்குப் பயமா இருக்குங்கய்யா. ரெண்டு பேரு ரத்தத்தையும் பாத்திருக்கீங்க, கல்யாணத்த முடிக்கலாமா?”

“ரண்டு பேரின்ர ரத்தமும் நல்லாத்தான் இருக்கு. யோசியாமல் செய்து வையுங்கோ,” என்றேன்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கோவிலில் மணமக்களுக்கு மாலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஆர்த்திகா பிறந்தபோது தொப்புள்கொடியிலிருந்தே இரத்தம் எடுத்து வைத்தேன். தவழும் வயதில் பிள்ளை வெளுத்தது, வயிறு வீங்கியது. இரத்தம் ஏற்ற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மனேஜர் துரையிடம் பேசித் தோட்டத்து லொறியைக்கூட வாங்கிக் கொடுத்தேன். அங்கே எழுதிக் கொடுத்த துண்டுகளை அவர்களுக்கு வாசித்துச் சொன்னதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் போகும்போது கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். சிகிச்சைக்கென்றுதான் அவர்கள் நினைத்தார்கள். பின்னாளில் என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளை தானாகவே கையை நீட்டும். அழாது.

மூன்று வயது நிறைவதற்குள் போய்விட்டது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லோஜினி மறுபடியும் உண்டானாள். மருந்தக வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

“இதுக்கும் அப்புடி வருமாங்கய்யா? முன்கூட்டியே ஏதும் பாக்க முடியுமா?”

“ஒருக்கா வந்தால் இனி வராது, பிள்ளை. பயப்பிடாதை.”

நோயுள்ள பிள்ளையின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே வீட்டில் நோயில்லாத பிள்ளை ஒன்றும் தேவைப்பட்டது. நான்கில் மூன்று பங்கு அப்படித்தான் பிறக்கும். நான் நல்லதையே எதிர்பார்த்தேன் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆண் பிள்ளை பிறந்தான். அவனும் வெளுத்தான். இந்த முறை அவர்கள் என்னிடம் சொல்லாமல் கண்டிக்குப் போனார்கள். அங்கே ஒரு டொக்டர் இருவரின் இரத்தத்தையும் பரிசோதித்து, இது கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருக்குமே என்று சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்ததும் நேரே மருந்தகத்துக்கு வந்தார்கள். நிரஞ்சன் மேசையைத் தள்ளிவிட்டான், மருந்துப் போத்தல்கள் உடைந்தன. லோஜினி பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றாள்.

“தெரியுமாங்கய்யா? கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்,” என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

“ரெண்டாவதுக்குக் கேட்டேனேங்க. அப்பவும் தெரியுமா?”

ஆமென்று தலையசைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிரஞ்சன் என் சட்டையைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு அவளைத் தூக்கப் போனான். அங்கிருந்துதான் அவன் பொலிசுக்கு, உங்களிடம் வந்தான்.

ஆகவே, ஆமாம். தெரிந்தேதான் சேர்த்துவைத்தேன். தெரிந்தேதான் இரண்டாவதையும் பெற விட்டேன்.

பிள்ளையை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னீர்கள். இரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். இத்தனை காலம் பார்த்துவந்தது இடையில் அறுந்துவிடக் கூடாது. நான் கேட்டதாக லோஜினியிடம் சொல்லுங்கள். அவள் மறுக்க மாட்டாள். என்மேல் அவளுக்கு நம்பிக்கை உண்டு.