ஐந்தாவது படி

நல்ல படி என்றால், ஏறுகிறவருக்கு அதன் நினைப்பே வரக்கூடாது. இன்ஸ்பெக்டர் ஐயா, இந்தப் பொலிஸ் நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறீர்கள். எத்தனை படி என்று கேட்டால் யோசிப்பீர்கள். இரண்டு படி ஏறியதும் கால் உயரத்தைப் பிடித்துக்கொள்ளும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அளவெட்டியில் முப்பத்திரண்டு வருஷம் மேசன் வேலை செய்தவன் சொல்கிறேன்.

என் தங்கை உதயகலாவுக்கு இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை நடந்த பக்கம் அகப்பட்டிருந்தபோது, ஷெல் பட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். ஊரில் எழும்புகிற புது வீடெல்லாம் பக்கத்து வீட்டைவிட ஒரு முழம் உயரம். வாசலில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம், மூன்றடி அகலத்தில் கதவு. புது வீட்டுக்கு இவை கட்டாயம் என்று பிரதேச சபை விதி போடவேண்டும் என்று நாலு வருஷம் அலைந்தேன். இருநூறு கையெழுத்து வாங்கினேன். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

சங்கத் தலைவர் பிரகலாதன் கூட்டத்தில் சிரித்தார். "வாசலிலை உந்தச் சரிவைக் கட்டி வீட்டின்ரை வடிவைக் கெடுக்கிறதே? நமசிவாயம், ஏலாத ஆக்களைத் தூக்க வீட்டிலை ஆள் இல்லையே?"

கூட்டமும் சிரித்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. அதை மறைக்கமாட்டேன்.

பிறகு அவரே தன் புது வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். படி ஒற்றை எண்ணில் வரவேண்டும் என்றார். ஆறங்குல உயரத்தில் ஐந்து கட்டினேன். அவர் மனைவி செல்வநாயகி நல்ல மனுசி. தன் கையாலேயே தேத்தண்ணி கொண்டுவந்து தருவார். "உதயகலா சாப்பிட்டவளே?" என்று கேட்காத நாளில்லை.

புதுமனை புகும் குடிபூரலுக்கு இரண்டு நாள் இருக்க, ஐந்தாவது படியின் மேல் ஒன்றரை அங்குலம் சீமெந்து பூசி உயரத்தை ஏழரையாக்கினேன். காயட்டும் என்று கயிறு கட்டி, எல்லோரையும் பின்வாசலால் போகச் சொன்னேன்.

குடிபூரலன்று நிறைகுடம் ஏந்தி முதலில் ஏறுவது வீட்டுக்காரி. குடம் மறைக்கும், காலைப் பார்க்க முடியாது. தலைவருக்கு வைத்ததில் மனைவி அகப்பட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்துங்கள். விழப்போவது செல்வநாயகி என்று தெரிந்துதான் பூசினேன். தலைவர் விழுந்திருந்தால் படுத்துக்கிடந்து அதிகாரம் பண்ணியிருப்பார். மனைவியைத் தினமும் தூக்கினால்தான் அவருக்குப் பாரம் விளங்கும்.

விளங்கியது. விழுந்து முதுகெலும்பு முறிந்த மனுசி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருமுன் அந்த வாசலில் நானே சாய்தளம் கட்டினேன், ஊரிலேயே முதலாவது. சங்கக் கடிதமும் வந்துவிட்டது. இனி எத்தனை பேர் தாங்களாகவே வெளியே வருவார்கள் என்று யோசித்துவிட்டு என்னைக் குற்றவாளி என்று எழுதுங்கள். திரும்பவும் செய்வாயா என்றால், செய்வேன்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் உதயகலாவிடம் சொன்னேன். அவள் உங்களுக்குப் போன் எடுப்பாள் என்று நினைக்கவில்லை.

அவளிடம் வாக்குமூலம் எடுக்க எங்கள் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து ஒன்றையே கேட்கிறீர்கள். "உம்மடை வாசலிலை மூண்டு படி கிடக்கு. அங்கை ஏன் சாய்தளம் கட்டேல்லை?"

அங்கே எதற்கு ஐயா? அவளைத் தூக்கத்தான் நான் இருக்கிறேனே.