சுத்தமான ஆஃப்ரிகான்ஸில் நாலு வார்த்தை

ஹெஸ்டர்: நிறுத்துங்க, நிறுத்துங்க. மேடைப் பேச்சோட முதல் வரியிலேயே மாட்டிக்கிட்டீங்க.

கைஸ்பர்ட்: எல்லாருக்கும் "பாயெ டாங்கி"ன்னேன். ரொம்ப நன்றின்னு சொல்றதுல என்னடி தப்பு?

ஹெஸ்டர்: "டாங்கி" சரி. "பாயெ" மலாய்க்காரங்க வார்த்தையாம். கப்பல்ல அடிமையா வந்தவங்களோடது.

கைஸ்பர்ட்: எவன் சொன்னான்?

ஹெஸ்டர்: ஹாலந்துலேர்ந்து வரவழைச்சிருக்கீங்களே, பேராசிரியர்... பக்கத்து ரூம்ல குறட்டை விடுறாரே, அவருதான். நேத்து காபி குடிக்கும்போது சொன்னாரு.

கைஸ்பர்ட்: நம்ம ஆஃப்ரிகான்ஸ் கலப்படமே இல்லாத மொழின்னு ஊர் முன்னாடி சொல்லத்தானே அவரைக் கூப்பிட்டேன்!

ஹெஸ்டர்: அவருக்கு நம்ம பேச்சே பாதி புரியல. "பாய்கியைக் கழட்டிக் குடுங்க"ன்னீங்க. மனுஷன் எதைக் கழட்டறதுன்னு முழிச்சாரு பாருங்க...

கைஸ்பர்ட்: போட்டுக்கற கோட்டுக்கு பாய்கின்னு சொல்லாம வேற என்ன சொல்றது?

ஹெஸ்டர்: அதுவும் மலாயாம். வாழைப்பழத்துக்குச் சொல்ற "பீசாங்" கூட.

கைஸ்பர்ட்: மெதுவாப் பேசு, எனக்குப் போட்டியா நிக்கிற ஃபான் காதுல விழப்போகுது. இன்னிக்கு இந்தப் பேச்சு எடுபட்டாத்தான் மொழிக் காப்புக் கழகத்துக்கு நான் தலைவர். இல்லேன்னா அந்தப் பய நாற்காலில ஏறி உட்கார்ந்துடுவான்.

ஹெஸ்டர்: அப்போ "பாயெ"யை விட்டுட்டுப் பேசுங்க.

கைஸ்பர்ட்: அன்பர்களே! நம்ம முன்னோர் இந்த மொழியைக் கப்பல்ல கொண்டு வந்தாங்க. கேப் டவுன்லேர்ந்து தென்மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் பாயெ பேரு... ச்சே! பாயெ... ஐயோ!

ஹெஸ்டர்: தண்ணி குடிங்க. கப்பல்ல வந்தது டச்சுதானாம். இது சமையக்கட்டுல பொறந்ததாம்.

கைஸ்பர்ட்: சமையக்கட்டுலயா?

ஹெஸ்டர்: அடிமைப் பொம்பளைங்களும், இந்த மண்ணுக்காரங்க கோய்கோய்களும், எசமானோட டச்சைத் தங்க வாய்க்கு ஏத்த மாதிரி உடைச்சுப் பேசினாங்களாம். எசமான் பெத்த புள்ளைங்க அதையே பிடிச்சுக்கிச்சாம்.

கைஸ்பர்ட்: போதும்... மத்தியானத்துக்கு என்ன?

ஹெஸ்டர்: உங்களுக்குப் பிடிச்ச கெர்ரி.

கைஸ்பர்ட்: அப்பாடா, அதாவது நம்ம...

ஹெஸ்டர்: அது தமிழ்க்காரங்களோட "கறி"யாம். சோழமண்டலக் கரைலேர்ந்து வந்துச்சாம்.

கைஸ்பர்ட்: எந்தக் கரைன்னே?

ஹெஸ்டர்: ஏன் இப்படி வேர்க்குது?

கைஸ்பர்ட்: அந்தக் கரைப் பேச்சு எதுக்கு வந்துச்சு? நம்ம குடும்பத்தைப் பத்தி ஏதாவது கேட்டாரா?

ஹெஸ்டர்: பழைய குடும்பங்க வம்சமெல்லாம் அவருக்கு மனப்பாடமாம். பாதிப் பேருக்கு மூதாய் அந்தக் கரைலேர்ந்து அடிமையா விலைக்கு வந்தவளாம். இன்னிக்கு மேடைல பேரோட சொல்றாராம்.

கைஸ்பர்ட்: பேரோடயா! ஹெஸ்டர், கூட்டம் வேண்டாம். எனக்கு வயித்துவலின்னு சொல்லிடு. ஃபானே தலைவரா இருந்து தொலையட்டும்.

ஹெஸ்டர்: ஏங்க, பதவிக்கு மூணு மாசமா அலைஞ்சீங்களே?

கைஸ்பர்ட்: பதவியா? என் ஹெட்மாஸ்டர் வேலையே போயிடும்டி! அரசாங்கம் நம்மளை வெள்ளைக்காரங்கன்னு எழுதி வெச்சிருக்கு. அதை அடிச்சுட்டா இந்த வீடு, புள்ளைங்க பள்ளிக்கூடம்... எல்லாம் போச்சு.

ஹெஸ்டர்: நமக்கு எதுக்கு அந்த பயம்?

கைஸ்பர்ட்: எங்க வம்சத்துல டச்சுக்காரி கத்தரீனான்னு பெருமையாச் சொல்வோமே... அவ டச்சுக்காரி இல்ல.

ஹெஸ்டர்: பின்ன?

கைஸ்பர்ட்: கரைக்காரி. அந்தக் கறையைக் கழுவத்தான், சுத்தமான வீட்டுப் பொண்ணுன்னு எங்கப்பா அவசர அவசரமா உன்னைக் கட்டி வெச்சாரு. திட்டு ஹெஸ்டர், வாய்விட்டுத் திட்டு.

ஹெஸ்டர்: எந்த வாயால திட்டறது? உங்க வீடு சுத்தமான வீடுன்னுதான் எங்கப்பாவும் அவசரப்பட்டாரு.

கைஸ்பர்ட்: என்ன சொல்றே?

ஹெஸ்டர்: எங்க வீட்லயும் அதே கத்தரீனாதாங்க... பாய்கியைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. பேராசிரியரோட காலைக் காபில ரெண்டு தூக்க மாத்திரை கலந்திருக்கேன், கூட்டம் முடிஞ்சு இருட்டற வரைக்கும் அந்த மனுஷன் எழுந்திரிக்க மாட்டாரு.