அணைக்கட்டு அலுவலகத்தின் இன்னொரு கணக்கு

எனக்கு எழுத்துப்பிழை என்றால் ஆகாது. உங்கள் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பிலேயே இரண்டு பிழைகள் இருக்கின்றன, இன்ஸ்பெக்டர் சார்.

அணைக்கட்டு அலுவலகத்தில் பொதுமக்களுக்கான அறிவிப்புகளை எழுதிக்கொண்டிருந்தவன் நான். புதிதாக வந்த மேலதிகாரிக்கு என்னைக் கண்டால் ஆகவில்லை. ஸ்டோர் ரூமுக்குத் தூக்கியடித்தார். என் இடத்துக்கு வந்தவருக்கு 'நீர்மட்டம்' என்றுகூட ஒழுங்காக எழுத வராது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அலுவலகத்தின் பெயரிலேயே, ஓர் எழுத்தை மட்டும் கூடுதலாகச் சேர்த்து, இணையத்தில் ஒரு கணக்குத் தொடங்கினேன். அதே முத்திரை, அதே நீல நிறம்.

போலி என்கிறீர்கள். அதில் வந்த எந்தத் தகவல் போலி? நீர்மட்டம் சரியாக இருந்தது. தண்ணீர் திறக்கும் நேரம் சரியாக இருந்தது. யார் என்ன கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்னேன். ஆற்றங்கரைக் குடியிருப்பு முழுக்க என்னைத்தான் நம்பியது. அலுவலகத்தின் அசல் கணக்கை ஒரு நாய்கூடச் சீண்டவில்லை.

அந்த மழை நாளில் அசல் கணக்கு முந்திக்கொண்டது. மதகுகளைத் திறக்கப்போகிறோம், கரையோரத்தில் இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள் என்றது. கூடவே இன்னொரு வரி: எங்கள் பெயரில் இயங்கும் போலிக் கணக்கை நம்பாதீர்கள்.

முதல் வரியோடு நிறுத்தியிருந்தால் நானே அதை ஊரெல்லாம் பரப்பியிருப்பேன். இரண்டாவது வரி எதற்கு?

நானும் அதைப் பகிர்ந்து, அதன் கீழேயே ஓர் அறிவிப்புப் போட்டேன். 'மேற்கண்ட செய்தி போலியானது. மதகுகள் திறக்கப்படாது. வீட்டிலேயே இருங்கள்.' ஒரு பிழை கிடையாது.

கரையோரத்தில்தான் என் அண்ணன் வீடும். அண்ணன் வெளியூரில் வேலையில் இருந்தான். அண்ணி போன் செய்தார்.

"தம்பி, ரெண்டு விதமா வருதே, எதை நம்புறது? ஆபீஸ் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். அதுல வேற கணக்கைத்தான் எங்களோடதுன்னு போட்டிருக்காங்க."

கெட்டிக்காரி. அத்தனை பேரில் சரிபார்க்கத் தோன்றியது அவர் ஒருவருக்குத்தான்.

"அந்த வெப்சைட்டையும் எவனோ போலியா பண்ணி வச்சிருக்கான் அண்ணி. நான் ஆபீஸ்லதானே இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

பேசிக்கொண்டே ஜன்னல் வழியே பார்த்தேன். மதகு ஆபரேட்டர் குடையைப் பிடித்தபடி அணைமேல் ஏறிக்கொண்டிருந்தார்.

"அதானே, நீங்க சொன்னா சரிதான். பிள்ளைங்களைப் பாதிச் சாப்பாட்டுல எழுப்பிட்டேன். மறுபடி உட்கார வைக்கிறேன். அக்கம்பக்கத்துலயும் சொல்லிடறேன் தம்பி."

தண்ணீர் வடிந்தபோது அந்தத் தெருவில் ஒரு வீடும் நிற்கவில்லை. ஓர் ஆளும் இல்லை.

நேற்று அண்ணன் இங்கே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஓடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எந்தக் கணக்கு அசல் என்று ஊருக்கே தெரிந்திருக்கும்.

தெரிந்தேதான் செய்தேன் சார், எழுதிக்கொள்ளுங்கள். மக்களை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசி வரை அவர்களுக்கு என் மேல் நம்பிக்கை இருந்தது. அந்தத் தெருவிலிருந்து ஒருவராவது என் மேல் புகார் கொடுத்திருக்கிறார்களா, சொல்லுங்கள்.