கெடாத பிலிம்கள்

சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். சொல்லலாமா வேண்டாமா என்றுதான் இவ்வளவு நேரமும் யோசித்தேன். என் மௌனத்தை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள், சார். மேசைமேல் பரப்பியிருக்கும் பிலிம் துண்டுகள் நான் வெட்டியவைதான். கழிவு டப்பாவை இத்தனை மாதம் யாரும் காலி செய்யாதது நம் அலுவலக லட்சணம்.

இந்தப் புகைப்படக் காப்பகம் தொடங்கியபோது, கடையை மூடிய ஸ்டுடியோக்காரர்கள் பெட்டி பெட்டியாக நெகட்டிவ்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பழைய பிலிம் கெட்டால் புளித்த காடி வாடை வீசும். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்; உடனே அழித்துவிட வேண்டும். முகர்ந்து பார்ப்பது என் வேலை. "அவங்க மூக்கு சொன்னா அப்பீலே கிடையாது" என்று நீங்களே சிரிப்பீர்கள்.

வெள்ளத்தில் என் அக்காவின் வீட்டோடு ஆல்பங்களும் போயின. காய்ச்சலில் இறந்த அவள் மகனின் படங்கள் இங்கே மட்டும்தான் மிஞ்சின. பள்ளிக்கூடத்தில் ஸ்டுடியோக்காரர் எடுத்தவை. ஒன்றை இருட்டறையில் பெரிதாக்கிக் காப்பகக் கூடத்தில் மாட்டினோம். அக்கா தினமும் வந்து அதன்முன் நிற்பாள். "சாப்டியாடா?" என்பாள் படத்திடம். நான் சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்திலேயே நிற்பேன். என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

துக்கமும் பிலிம் மாதிரிதான் என்று பட்டது. அவன் படங்கள் இருந்த உறையின் நெகட்டிவ்கள் கெட்டுவிட்டன என்று சொல்லி வெட்டிப் போட்டேன். அவற்றில் எந்த வாடையும் இல்லை. கூடத்துப் படத்தில் பூஞ்சை என்று சொல்லி இறக்கினேன்.

கொஞ்ச காலம் அக்கா அழவில்லை. என் வைத்தியம் பலித்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஒரு மாலை என் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றாள்.

"கண்ண மூடினா முகம் வரமாட்டேங்குதுடி. தாடையில மச்சம் இருந்துதே, எந்தப் பக்கம்?"

"ஞாபகம் இல்லக்கா."

அவள் என் தாடையைத் தொட்டாள். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று விரலால் தேடினாள். நான் அசையாமல் நின்றுகொடுத்தேன்.

இடப்பக்கம், சார். எனக்குத் தெரியாதா? கூடத்துப் படத்தை நான் அழிக்கவில்லை. என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு எடுத்து, அவனிடம் பேசுவேன்.

"அதையாவது குடுத்துடுங்கம்மா. கேசு கீசு எதுவும் வேணாம். பெத்தவ ஒரு தடவ பாக்கட்டும்" என்கிறீர்கள்.

நியாயமாகத்தான் கேட்கிறீர்கள். ஆனால் தரமாட்டேன். பார்த்தால் அவள் மறுபடி அழுவாள். அதை என்னால் தாங்க முடியாது. அதோடு, அவன் இப்போதுதான் என்னிடம் ஒட்டத் தொடங்கியிருக்கிறான்.