புதன்கிழமை பதினோரு நிமிடம்

பிழைச் செய்தி வந்தால் அதைப் படிக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக நான் மற்றவர்களிடம் எதிர்பார்த்தது இவ்வளவுதான். திரையில் ஒரு பெட்டி வருகிறது, அதில் நாலு வரி இருக்கிறது, படி என்கிறேன். படிக்க மாட்டார்கள். "சார், என்னமோ வந்துச்சு, போயிருச்சு" என்பார்கள். எல்லாம் பட்டம் வாங்கியவர்கள். உங்கள் ஸ்டேஷனிலும் அப்படித்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். மூலையில் அந்தப் பெண் காவலர் அரை மணி நேரமாக ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார். பிரிண்டரில் காகிதம் இல்லை. திரையில் எழுதியே இருக்கிறது.

என் பெயர் சாம்பசிவம். வயது ஐம்பத்து மூன்று. மாட்டுத்தாவணிப் பக்கம், கண்மாய், சாலை, பாலம் என்று அளந்து கொடுக்கும் ஒரு தனியார் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். அங்கே முப்பது பேர் வேலை செய்கிறோம். கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன். மற்றவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

தமிழ்வாணி போன வருடம் சேர்ந்த இன்ஜினியர். மேலூர்ப் பக்கம் நெடுங்கண்மாய்ப்பட்டி. அவள் அம்மா செல்லக்கிளி அப்போதும் அந்த ஊரில் நாற்று நடப் போய்க்கொண்டிருந்தாள். வந்த முதல் நாளே என்னை அண்ணே என்றாள். மதுரையில் பால்காரரும் அண்ணே, கண்டக்டரும் அண்ணே. அலுவலகத்தில் மற்ற எல்லாரும் என்னை சார் என்பார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் காகிதத்தில் ஜாதி என்று ஏதோ எழுதியிருக்கிறீர்கள், அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் குடித்த டம்ளரில் நானும் டீ குடித்திருக்கிறேன். கழுவிவிட்டுத்தான், அது எல்லாரும் செய்வது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. அவள் ஊர்க் கண்மாய் நிரம்பி, மடைக்குப் பக்கத்தில் கரை கசிய ஆரம்பித்தது. உடைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் ஊரில் எவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான், கிழக்கே வயலுக்குப் போகும் என்று. இப்போது நடுவில் ஒரு சாலையை எட்டு அடி உயர்த்திப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது. தமிழ்வாணி அந்த ஊரின் மேடு பள்ளத்தையெல்லாம் ட்ரோன் விட்டு அளந்து வைத்திருந்தாள். அதை வரைபட மென்பொருளில் திறந்தால், தண்ணீர் எங்கே எவ்வளவு ஏறும் என்று நீல நிறத்தில் காட்டும். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் செத்துப்போய், திங்கட்கிழமைதான் புதிது வந்திருந்தது. மென்பொருளைப் போட்டாள். திறக்கவில்லை.

"அண்ணே, இன்ஸ்டாலெல்லாம் ஒழுங்காத்தான் ஆச்சு. கிளிக் பண்ணா ஒரு கறுப்புப் பெட்டி வந்துட்டு உடனே போயிருது. செத்த வந்து பாருங்கண்ணே. வியாழக்கிழமைக்குள்ள ஊருக்குப் படம் குடுக்கணும். எந்தத் தெருவக் கிளப்பி எங்கிட்டு வைக்கிறதுன்னு தெரியாம உக்காந்திருக்காங்க."

போய்ப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டரை முதன்முதலில் திறக்கும்போது பெயர் கேட்கும். அவள் தன் பெயரைத் தமிழ் எழுத்தில் அடித்திருந்தாள். கம்ப்யூட்டர் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். இந்த மென்பொருள் தன் சாமான்களை அந்த ஃபோல்டரில் போய்த் தேடும், தமிழ் எழுத்து அதற்குப் புரியாது, மூடிக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் இன்னொரு யூசர் போட்டால் சரியாகிவிடும். மூன்று நிமிட வேலை.

"இந்தப் பேரை யார் இப்படி அடிச்சது?" என்றேன்.

"நாந்தாண்ணே. எம்பேருதானே" என்று சிரித்தாள்.

மென்பொருளை முழுதாக நீக்கிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். எங்கள் அலுவலக இன்டர்நெட்டுக்கு அது நாலு மணி நேரம் இறங்கும். மறுநாள் கிராபிக்ஸ் டிரைவரை மாற்றச் சொன்னேன். சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரிசையாகச் செய்தாள். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். எதிலும் மெமரி போதாது என்றேன். உண்மையில் இரண்டு கம்ப்யூட்டரில் போதும். மேனேஜர் ராஜபாண்டி கூப்பிட்டு விசாரித்தபோது, "சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல சார், ஆளுக்குத்தான் பழக்கம் பத்தல" என்றேன். அவர் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் பொய் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கறுப்புப் பெட்டியில் காரணம் எழுதியிருந்தது. அதை நிறுத்தி வைத்துப் படித்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். படிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டேன். இதைக் குற்றம் என்றால், நாட்டில் வாத்தியார்கள் எல்லாரையும் பிடிக்க வேண்டியிருக்கும்.

புதன்கிழமை அவள் கரையைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாள். மூன்று இருபதுக்கு நான் அவள் இடத்தில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ஒரு யூசர் போட்டு, மென்பொருளைத் திறந்தேன். திறந்தது. அவள் ஃபைலைப் போட்டு, மடைப் பக்கம் கரை உடைந்ததாக வைத்துப் பார்த்தேன். நீலம் கிழக்கே இறங்கி, சாலையில் முட்டி, தெற்கே திரும்பி, ஊர்ச் சமுதாயக்கூடத்தைச் சூழ்ந்துகொண்டு நின்றது. ஊரிலேயே அடர்ந்த நீலம் அங்கேதான். பிறகு மூடிவிட்டு அந்த யூசரை நீக்கினேன். யூசரை நீக்கினாலும், யார் எப்போது வந்தார்கள், எது எவ்வளவு நேரம் ஓடியது என்று கம்ப்யூட்டர் தனியே ஒரு பதிவு வைத்திருக்கும். அதை நான் அழிக்கவில்லை. யார் படிக்கப்போகிறார்கள்?

வியாழக்கிழமை டீ நேரத்தில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"படம் வர்ற மாதிரி தெரியலண்ணே. இனிமே காத்திருந்தா ஆகாது. ஊர்த் தலைவர் அழகுமலைகிட்டப் பேசிட்டேன். கெழக்குத் தெரு சனத்தப் பூராம் சமுதாயக்கூடத்துக்குப் போகச் சொல்லியாச்சு. புதுக் கட்டடம், கெட்டியா இருக்கும். எங்க அம்மாவையும் அங்கதான் விட்டுட்டு வாரேன். சரிதானண்ணே?"

என்னிடம் ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் கம்ப்யூட்டர் பார்ப்பவன். "நல்லது" என்றேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கரை உடைந்தது. சமுதாயக்கூடத்தில் ஒன்பது பேர். செல்லக்கிளி ஐந்தாவதாகக் கிடைத்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கிழக்குத் தெருவில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் வரவில்லை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அலுவலகத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு எல்லாரும் போனோம். மாலை வாங்கியது நான்தான். ஊர்க்காரர்கள் தமிழ்வாணியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், இவள் பேச்சைக் கேட்டுத்தானே போனோம் என்று. நான் குறுக்கே பேசவில்லை, இழவு வீட்டில் அது முறையல்ல.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்தாள். வந்தவள் யாரிடமும் பேசாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து அதன் பதிவை வரி வரியாகப் படித்தாள். இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் ஒரு காகிதத்தை என் மேஜைமேல் வைத்தாள்.

"புதன்கெழம மூணு இருவதுக்கு வேற பேர்ல இது ஓடியிருக்கு. பதினோரு நிமிசம். அம்புட்டு நேரம் என்ன பாத்தீங்க, சார்?"

அன்றுதான் முதன்முதலாக சார் என்றாள்.

நீங்களும் காலையிலிருந்து அதையேதான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். படத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆனது. சமுதாயக்கூடம் மூழ்கும் என்பது அப்போதே தெரிந்தது. மறுநாள் அவள் அந்தக் கூடத்தின் பெயரைச் சொன்னபோது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தெரிந்துதான் நல்லது என்றேன்.

மீதி ஒன்பது நிமிடமும் அவள் வேலையில் தப்புத் தேடினேன். ஒவ்வொரு மேட்டையும் ஒவ்வொரு பள்ளத்தையும் எண் எண்ணாகப் பார்த்தேன். வாய்க்காலைப் பார்த்தேன், மடையின் அளவைப் பார்த்தேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு தப்புக் கிடைத்திருந்தால் போதும், அன்றைக்கே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.