காரா-கமிஷ் குடாவில் முட்டைகளைத் தின்றது யார்?

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மீன்குஞ்சுப் பண்ணையின் இயக்குநர் அவர்களே, மேலூர் கீழூர் மீனவச் சொந்தங்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் ஆய்ஜமாலே! உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும்.

மீன் ஆய்வாளர் ஜிபார் சாதிர்பெகோவா! நம் ஜிபார் அக்கா! அவர் மறைந்து நாற்பதாம் நாள் வந்தும் 'இருந்தார்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவர் இனியவர் என்றார்கள் முன்னே பேசியவர்கள். மன்னிக்க வேண்டும். யாரையாவது நம்பினாரா அவர்? என் வீட்டில் தேநீர் குடித்த கையோடு என் படகைச் சோதித்தவர் அல்லவா!

"என்னக்கா, என் ரொட்டியத் தின்னுட்டு என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்றேன்.

"ரொட்டி உன் பொண்டாட்டி சுட்டது, தெமிர்குல். வலை நீ போட்டது. நகரு!"

நினைவிருக்கிறதா அந்த ஆண்டுகள்? வசந்தத்தில் நம் சேபாக் மீன்கள் நாணல் ஓரம் வந்தன. கல்லிலும் பாசியிலும் முட்டையிட்டன. குஞ்சைத்தான் காணோம்! இசிக்-குல் ஏரியே வெறிச்சோடியது. மேலூர்க்காரன் திருட்டு வலை போடுகிறான் என்றது கீழூர். கீழூர்க்காரன்தான் என்றது மேலூர். பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதும் நின்றது. மேலூர் எசென் அண்ணனின் வலைகளைக் கீழூர்க்காரர்கள் கரையில் குவித்துக் கொளுத்தினார்கள்! "பொம்பள விடியக்காலம் தனியாக் குடாவுக்குள்ள போறாளே, சினை மீன அவளே பிடிச்சு விக்கிறாளோ?" என்று சந்தையில் கிசுகிசுத்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள்.

அவர் அங்கே என்ன செய்தார்? பனி உருகிய தண்ணீரில் இடுப்பளவு நின்றார், பார்த்தார். தாய்மீன் முட்டையிட்டு விலகியதும் கற்களின் அடியிலிருந்து விரல் நீளப் புள்ளி மீன்கள் கூட்டமாக வந்து மேய்ந்தன. ஒரு வாளி நிறையப் பிடித்துவந்து, கறிக்கடைப் பலகையில் வைத்து ஊர்முன் வயிற்றைக் கீறினார். உள்ளே சேபாக் முட்டைகள்!

"இந்தப் பொடியனா? பூனைகூட மோந்து பாக்காதே!" என்று சிரித்தார் கறிக்கடைக்காரர்.

"பெரிய மீனத் தின்னா கண்ணுக்குத் தெரியும். முட்டையிலேயே தின்னுட்டா யாருக்குத் தெரியும்? வந்து பாருய்யா!"

அந்த மீன் நம் ஏரியில் பிறந்ததல்ல. பின்னே எங்கிருந்து வந்தது? அக்காவின் சந்தேகம் அவர் வேலை பார்த்த பண்ணையின் மேலேயே திரும்பியது. தூரத்து ஆறுகளிலிருந்து புல்கெண்டைக் குஞ்சுகளை லாரியில் கொண்டுவந்து, குளத்தில் வளர்த்து, ஏரியில் விட்டோமே, அந்தக் குஞ்சுகளோடு கலந்து வந்திருக்கிறது! குளத்தில் வலை வீசினார். கொத்துக் கொத்தாகப் புள்ளி மீன்!

இயக்குநர் அவர்கள் அன்று சொன்னது என்ன? இங்கேதான் இருக்கிறார், தவறென்றால் திருத்தட்டும். "குளத்து மடைய மூடு, ஜிபார். அப்படியே உன் வாயையும் மூடு."

"மடைய மூடுறேன், சார்" என்றார் அக்கா. இரண்டு ஊரையும் கூட்டி உண்மையைச் சொன்னார். வேலை போனது.

வேலை போனதும் வீட்டில் முடங்கினாரா? நேரே எசென் அண்ணன் வீட்டுக்குப் போனார். "அண்ணே, சின்னக் கண்ணு வலை இருக்கா?"

"உங்க கீழூர் ஆளுங்க எரிச்சது போக மிச்சம் இருக்கு. என்ன செய்யணும், சொல்லு."

ஆர்ச்சா மரக்கிளைகளைக் கட்டுக்கட்டாக நாணலுக்குள் இறக்கினார்கள். சேபாக் அதில் முட்டையிட்டதும், கிளையோடு தூக்கி வலைக்கூண்டுக்குள் வைத்தார்கள். கிளை சுமக்க இரண்டு ஊரும் வந்தது! அந்த வசந்தத்தில் குஞ்சு பொரித்தது. கண்ணிமை முடிபோல் நெளிந்தது. நாங்கள் குதித்தோம். அக்கா மட்டும் கண்ணாடிக் குவளையை வெயிலில் பிடித்து முறைத்துக்கொண்டிருந்தார். "கத்தாதீங்க. இதுல அந்தப் புள்ளிப் பயலோட குஞ்சும் இருந்தா?"

அப்படிப்பட்டவர் படகிலேயே சாய்ந்துவிட்டார். அந்தச் சாவைப் பற்றியும் முணுமுணுப்பு உண்டு. நானும் சந்தேகப்பட்டேன். படகைப் புரட்டிப் பார்த்தேன். மருத்துவரைத் துருவிக் கேட்டேன். மாரடைப்புதான். சந்தேகம் வேறு, பழி வேறு. ஆதாரமில்லாமல் அவர் யார்மீதும் பழி போட்டதில்லை. நாமும் போட வேண்டாம்.

ஆனால் சற்றுமுன் இயக்குநர் இதே மேடையில் அறிவித்தாரே, புதிய குளத்துக்கு ஜிபார் அக்காவின் பெயராம்! நாளை லாரியில் புதுக் குஞ்சுகள் வருகின்றனவாம்! பெயருக்கு நன்றி, ஐயா. லாரிக்குள் இருப்பது என்ன? யார் பார்த்தது? நல்ல இனம் என்று போன முறையும் சொன்னீர்களே!

சொந்தங்களே! நாளை இரண்டு ஊரும் பண்ணை வாசலில் நிற்போம். ஒவ்வொரு தொட்டியையும் சல்லடையில் வடித்துப் பார்ப்போம். நமக்குத் தெரியாத ஒரு குஞ்சும் இந்த ஏரித் தண்ணீரைத் தொடாது! அக்காவின் வேலையை நாம் எடுத்துக்கொள்கிறோம். சம்பளம் அவருக்கும் இல்லை, நமக்கும் வேண்டாம்.

வெளியே அண்டாவில் குதிரைக்கறி வெந்துவிட்டது, எனக்கும் பசிக்கிறது. இயக்குநர் அவர்களே, புதிய குளத்திலிருந்து ஏரிக்குத் திறக்கும் மடையின் சாவி உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதை இந்தச் சபை முன்னிலையில் ஆய்ஜமாலின் கையில் கொடுங்கள். அதன் பிறகு எல்லோரும் சாப்பிடப் போகலாம்.