இரண்டு நாற்காலி கேட்ட எங்கள் அக்காவுக்கு

எங்கள் வானொலி நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக வீற்றிருந்து, இன்று மாலையோடு பணி நிறைவு காணும் பண்பின் பெட்டகமே! நெஞ்சில் நேர்மையும், நாவில் நிதானமும், நெற்றியில் எந்நேரமும் ஒரு சிறு சுளிப்பும் கொண்டு எங்களை நெறிப்படுத்திய நிறைகுடமே! கண்டிப்புக்கும் கனிவுக்கும் ஒரே குரலைக் கையாண்டு, கேட்பவரைக் கதிகலங்க வைத்த கொள்கைக் குன்றே! தங்களுக்கு எங்கள் வணக்கமும் சலாமும் வாழ்த்தும்!

தாங்கள் என்று விளித்தே இம்மடலை முடிக்க எண்ணியிருந்தோம். ஒத்திகையின்போது வரவேற்பறைத் தங்கை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "அக்காவப் போய்த் தாங்கள்னு கூப்பிட்டா, வேற யாரோ வந்திருக்காங்கன்னு பின்னாடி திரும்பிப் பாப்பாங்க" என்றாள். அதுவும் சரிதான். ஆகவே இனி நீங்கள் என்றே அழைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை மாலையில், உங்கள் 'ஒரே மேசை' உரையாடல் நிகழ்ச்சி வழக்கமாக ஒலிபரப்பாகும் அதே வேளையில் இந்த விழா நடக்கிறது. அந்த நேரத்தில் விழாவை அப்படியே நேரலையாகப் போடுங்கள் என்று பெருந்தன்மையோடு ஆணையிட்டவர், மேடையின் நடுவில் அமர்ந்திருக்கும் நிலைய இயக்குநர் ஐயா. அடுத்த வெள்ளி முதல் 'ஒரே மேசை' இல்லை, அதற்குப் பதிலாகச் சமூகப் பிரதிநிதி ஒருவரின் ஐந்து நிமிட அறிக்கை மட்டுமே என்று ஆணையிட்டவரும் அவரே. இரண்டு ஆணைகளும் ஒரே காலையில் வந்தன. இதை அவர் முன்னாலேயே வாசிக்கிறோம். மன்னியுங்கள், எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா! நீங்கள் இங்கே சேர்ந்த நாளில், செய்தியறைத் தொலைபேசிக்கு மேலே சுவரில் சில எண்கள் ஒட்டப்பட்டிருந்தன. தீயணைப்பு, மருத்துவமனை, மின்சாரம், வானிலை. அவற்றுக்குக் கீழே 'முஸ்லிம்' என்று ஓர் எண். தையல்காரர், மருத்துவர், லாரி ஓட்டுநர், கல்லூரி மாணவி, தொழுகை தவறாதவர், தவறவிட்டு வருந்துபவர், வருந்தாதவர், ஒரே வீட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர் என்று இந்த நகரில் வாழும் அத்தனை பேருக்கும் சேர்த்து அந்த ஒரே எண்தான்! அது ஜமாஅத் தலைவர் ஐயாவின் எண். எப்போது அழைத்தாலும் எடுப்பார், எதைக் கேட்டாலும் அறிக்கை தருவார். அதனால் செய்தியறையில் அவருக்கு 'அறிக்கை ஐயா' என்று பெயர். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா பொறுத்தருள வேண்டும். அந்தப் பெயர் தமக்கு முன்பே தெரியும் என்று அவரே ஒருநாள் சிரித்தபடி சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் தையற்கடைத் தெரு வெள்ளத்தில் மிதந்தபோதும், வழக்கம்போல அந்த எண்ணையே அழைத்தார்கள். ஐயா அன்று மேட்டுப் பகுதியில், மகள் வீட்டு மாடியில் இருந்தார். சன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியெல்லாம் வடிஞ்சிடுச்சுப்பா, அல்லாஹ் காப்பாத்துனான்" என்றார். நிலையம் அதை அப்படியே ஒலிபரப்பியது. முழங்கால் தண்ணீரில் தையல் இயந்திரங்களைத் தலையில் சுமந்து நின்றவர்கள், வெள்ளம் வடிந்துவிட்டது என்று எங்கள் வானொலியில் கேட்டார்கள். அந்தத் தெருவுக்கு வரவேண்டிய படகு வேறு தெருவுக்குப் போனது.

நீங்கள் குடியிருந்ததும் அதே தெருதான். மறுநாள் நனைந்த செருப்போடு செய்தியறைக்குள் நுழைந்தீர்கள். கத்துவீர்கள் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "அவரு பொய் சொல்லல. அவரு சன்னலுக்கு வெளிய வடிஞ்சுதான் இருந்துச்சு. நீங்க ஏன் ஒரே சன்னல்ல பாத்தீங்க?" என்று கேட்டீர்கள். பிறகு சுவரிலிருந்த அந்தச் சீட்டைக் கிழிக்காமல், நகத்தால் பதமாக உரித்தெடுத்தீர்கள். "இனிமே எங்க சனத்தப் பத்திப் பேசணும்னா ரெண்டு நாற்காலி போடுங்க. ரெண்டுலயும் எங்க ஆளுங்கதான் உக்காரணும். ஆனா ரெண்டு பேரும் ஒத்துப்போறவங்களா இருக்கக் கூடாது" என்றீர்கள். 'ஒரே மேசை' பிறந்த கதை இதுதான்.

என்னே உங்கள் துணிவு! என்னே உங்கள் பொறுமை! "உங்க ஆளுங்களுக்கு மட்டும் தனி நிகழ்ச்சியா?" என்று வெளியார் வினவியபோதும், "வீட்டுச் சண்டையத் தெருவுல போட்டுக் காட்டுறியேம்மா" என்று உங்களவர் வருந்தியபோதும், வாட்டத்தை முகத்தில் காட்டாமல், வார்த்தையைக் கொட்டாமல், இரு தரப்புக்கும் ஒரே தேநீரைக் கொடுத்து ஒரே மேசையில் அமர வைத்தீர்களே! பள்ளிவாசல் நிர்வாகியும் பட்டதாரிப் பெண்ணும், வாடகை உயர்த்திய வீட்டுக்காரரும் வாடகை கொடுக்க முடியாத குடித்தனக்காரரும், இருவருமே முஸ்லிம்களாய், இருவருமே குடிமக்களாய், எதிரெதிரே அமர்ந்து வாதிட்டதை இந்த நகரம் உங்களால் அல்லவா கேட்டது! எங்களைப் பற்றிப் பேசாதீர்கள், எங்களோடு பேசுங்கள் என்று ஒரு சமூகம் கேட்கையில், அதில் எவரோடு என்று திருப்பிக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். உங்களிடம் திட்டு வாங்காமல் அதைக் கற்றவர் எங்களில் ஒருவரும் இல்லை.

சென்ற மாதத்து ஒரு வெள்ளிக்கிழமையை மறக்க முடியுமா? மருத்துவமனைக்குப் புதிய சாலை போட, மையவாடியின் ஓரத்தை எடுத்துக்கொள்ள நகராட்சி முடிவு செய்திருந்தது. முஸ்லிம்கள் தங்களில் இறந்தோரை அடக்கம் செய்யும் நிலம் அது. வரைபடத்தில் அந்த மூலை 'காலியிடம்' என்று குறிக்கப்பட்டிருந்தது. தலைவர் ஐயாவும் சம்மதித்துக் கையெழுத்திட்டிருந்தார். ஒரு நாற்காலியில் அவர். மறு நாற்காலியில், அதுவரை ஒலிவாங்கியைத் தொட்டுக்கூடப் பார்த்திராத தையற்கடைக்காரம்மா.

"சமூகத்தோட சம்மதத்த நான் ஏற்கெனவே குடுத்துட்டேன். இதுல பேச என்ன இருக்கு?" என்று ஐயா எழுந்தேவிட்டார். நீங்கள் தடுக்கவில்லை. "போறதா இருந்தா போங்கய்யா. நாற்காலி காலியா இருக்குன்னு மட்டும் நான் நேயர்களுக்குச் சொல்லிடுறேன்" என்றீர்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அப்போது அந்தம்மா சொன்னார்: "காலியிடம்னு போட்டிருக்கீங்களே, அந்த மூலையிலதான்யா என் பொண்ணு இருக்கா. பொறந்து ரெண்டு நாள்தான் இருந்தா. பச்சப்புள்ளைங்களுக்கு அங்க கல்லு வைக்கிறதில்ல. எங்க தெருவுல எத்தன பேரோட புள்ளைங்க அங்க இருக்கு தெரியுமா?"

அதன்பின் ஒலிபரப்பில் மௌனம். வானொலிக்காரர்களுக்கு மௌனத்தைவிடப் பெரிய பயம் கிடையாது. ஒலிப்பதிவு அறைத் தொலைபேசி அலறியது. "பாட்டு போடு! உடனே பாட்டு போடு!" என்று மேலிடத்துக் குரல். ஒலிப்பொறியாளர் கம்பி அண்ணன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே உங்களைப் பார்த்தார். நீங்கள் தலையை மட்டும் அசைத்தீர்கள், வேண்டாம் என்று. அந்த நேரத்தில் உங்கள் வேலை போயிருக்கலாம். கம்பி அண்ணன் வேலையும் போயிருக்கலாம். அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

தலைவர் ஐயாதான் முதலில் பேசினார். "எனக்கு இது தெரியாதும்மா. யாரும் சொல்லல. நானும் கேக்கல." சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார். "ஆனா ரோடு வேணும்மா. ஆம்புலன்ஸ் சுத்திக்கிட்டுப் போறதுக்குள்ள உன் தெருவுலயே ரெண்டு உசிரு போயிருக்கு." அந்த இடம் ஆம்புலன்ஸ் போகும் சாலைக்குத்தான் என்பது அந்தம்மாவுக்கு அதுவரை தெரியாது, கடை கட்டத்தான் இடம் பிடிக்கிறார்கள் என்று எண்ணியிருந்தார். "ரோடு வேணாம்னு நான் சொல்லலய்யா. கொஞ்சம் வளைச்சுப் போட முடியாதான்னுதான் கேக்குறேன்" என்றார். இருவரும் ஒன்றுசேர்ந்து நகராட்சிக்குப் போனார்கள். நேர்கோட்டில் ஒன்று, வளைவோடு ஒன்று என இப்போது இரண்டு வரைபடங்கள் நகர்மன்றத்தின் முன் இருக்கின்றன. வருகிற புதன்கிழமை வாக்கெடுப்பு.

இந்த நிலையில்தான், அக்கா, அந்த மேசை இன்றோடு மூடப்படுகிறது. அடுத்த வாரம் அந்த மூலையைப் பற்றி நகரம் பேசும். அந்த மூலைக்கு உரியவர்கள் பேச இடம் இருக்காது. புகார்க் கடிதங்கள் வந்தன, விளம்பரதாரர்கள் முகம் சுளித்தார்கள், ஒருவர் பேசினால் போதும் என்று பலர் சொன்னார்கள். இயக்குநர் ஐயாவின் நெருக்கடி எங்களுக்குப் புரியாமல் இல்லை. அவர் கெட்டவர் அல்லர். ஒரே சன்னலில் பார்க்கிறார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் இந்த மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே பெரிய சண்டை. கம்பி அண்ணன் கூடாது என்றார். "அக்கா கேட்ட ஒரே பரிசு, என் விருந்துல வம்பு வேணாம்ங்கறதுதான். அதக்கூடக் குடுக்க மாட்டீங்களா? நாளைக்கு நம்ம வயித்துல அடிச்சா யாரு கேப்பா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எழுதியே தீருவோம் என்றனர் மற்றவர்கள். உங்கள் விதிப்படி இரண்டையும் இங்கே எழுதிவிட்டோம். நீங்கள் இப்போது எங்களை முறைத்துப் பார்ப்பது தெரிகிறது. வாங்கிய திட்டுகளோடு இதுவும் சேரட்டும்.

இயக்குநர் ஐயா! தங்களை அவமதிக்க இம்மடல் எழுதப்படவில்லை. இந்த நிலையத்தைத் தாங்கள் நேசிப்பது எங்களுக்குத் தெரியும். புதன்கிழமை வாக்கெடுப்பு முடிந்த பிறகும், அதற்கடுத்த வெள்ளியும், அதற்கடுத்த வெள்ளியும் அந்த இரண்டு நாற்காலிகள் அங்கேயே கிடக்கட்டும் என்று கைகூப்பிக் கேட்கிறோம். மாட்டேன் என்றால், அதையும் இந்த ஒலிவாங்கியில் தாங்களே சொல்லுங்கள். தையற்கடைத் தெரு கேட்டுக்கொண்டிருக்கிறது.

அன்புக்குரிய அக்கா! உங்கள் கண்களில் ஒளி குறையாமல், கால்களில் வலி சேராமல், பேரப்பிள்ளைகளையும் இரண்டு நாற்காலியில் உட்கார வைத்து வாதிடச் செய்துகொண்டு, நெடுங்காலம் நலமோடு, அந்தச் சுளிப்போடு, எங்களைக் கேட்டுக்கொண்டே இருங்கள். நாங்கள் தப்பாக ஒலிபரப்பினால் நனைந்த செருப்போடு உள்ளே வாருங்கள். கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கும்.

இன்னும் எழுத ஆயிரம் இருக்கிறது. ஆனால் 'ஒரே மேசை'யின் கடைசிப் பத்து நிமிடம் எங்களுடையதன்று, நாற்காலியில் அமர்ந்தவர்களுடையது என்று சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். ஆகவே புகழுரையை இத்தோடு நிறுத்துகிறோம். மேடையின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டிருக்கிறோம். தையற்கடைக்காரம்மா, வாங்கம்மா. தலைவர் ஐயா, நீங்களும் வாங்க. சட்டமிட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் பிரதியில், அக்கா, இந்த இடத்தில், இவர்கள் பேசுவதற்காக விட்ட கொஞ்சம் வெறும் தாள் தெரியும். அதைக் காலியிடம் என்று யாரும் குறித்துவிட வேண்டாம்.



இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கி வளர்ந்த நிலையப் பணியாளர்கள்

மாற்றுக் கருத்தோடு, ஆனாலும் நேரலையின் சிவப்பு விளக்கை அணைக்காமல்,
ஒலிப்பொறியாளர்